துரைக்கு வைத்த சலாம்

1. நூறு கெஜம்

மலாயாவில், ஈப்போ நகரத்துப் பாடாங் திடலில், தோட்டங்களுக்கிடையே நூறு கெஜ ஓட்டம். தொண்ணூறு கெஜம் வரை நான்தான் முன்னால். அதன் பிறகு நான் செய்த காரியத்தை எங்கள் தோட்டத்தில் வெகுகாலம் நடித்துக் காட்டிச் சிரித்தார்கள்.

அப்போது நான் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். மழை இருட்டினால் பால் வாளிகளைத் தோளில் சுமக்கும் காண்டாக் கம்பில் மாட்டிக்கொண்டு ஸ்டோருக்கு ஓடிப் பழகிய கால். அதனால் ஓட்டத்துக்கும் கால்பந்துக்கும் என்னையே பிடித்துப் போட்டார்கள். அந்த வருஷம் தைப்பூசம் வேலை நாளில் வந்தது. இரண்டில் ஒன்றை ஜெயித்தால் தோட்டம் முழுவதற்கும் லீவு என்று தோட்டத்து மேனேஜரான வெள்ளைக்காரத் துரை சொல்லியிருந்தார். தோற்றால் யாருக்கும் கிடையாது. நான் முருகனுக்குக் காவடி நேர்ந்திருந்தேன்.

துரை எதிர்ப்பட்டால் ஓரமாக நின்று, தலைத்துண்டை அவிழ்த்துச் சலாம் வைப்பது தோட்டத்து வழக்கம். அன்று ஓட்டம் முடியும் கோட்டில், நாடா கட்டிய இடத்தில் துரை நின்றார். என்னைக் கேட்காமலே கால் நின்றது. துண்டு கைக்கு வந்தது. சலாமும் வைத்தேன். மூன்று பேர் என்னைத் தாண்டிப் போனார்கள்.

எங்கள் பந்துக் குழுவின் கேப்டன், ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியார், மூச்சிரைக்க வந்தார்.

"ஏன்டா நின்ன?"

"தொர நின்னாருங்க."

"அவரு நிப்பாருடா. அவரா ஓட வந்தாரு?"

2. பந்து

சாயங்காலம் பந்து ஆட்டம். கிராணியார் துரையிடம் போய், இங்கே வெயில் என்று பணிவாகச் சொல்லி, எங்கள் கோலுக்குப் பின்னால் மர நிழலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். நான் எதிர்க் கோலைப் பார்த்து ஓடுவேன், துரை கண்ணில் படமாட்டார் என்பது அவர் கணக்கு. பாதி ஆட்டத்துக்குப் பிறகு பக்கம் மாறும் என்பதை மட்டும் மனுஷர் மறந்துவிட்டார்.

அதுவரை யாரும் கோல் போடவில்லை. பக்கம் மாறியதும் எனக்கு நேரே துரை. இரண்டு முறை பந்தை விட்டுவிட்டுத் துண்டைத் தொட்டேன். எங்கள் கோல்கீப்பர் காளியப்பன் அந்தக் கோடியிலிருந்து கத்தினான்: "மச்சான், தொரய பாக்காதலா, பந்த பாரு!"

கடைசி நேரத்தில் பந்து என் காலுக்கு வந்தது. முருகா என்று குனிந்த தலை நிமிராமல் ஓடி உதைத்தேன். வலையில்லாத கோலுக்குள் பந்து போயிற்று. நானும் போனேன். கால் நிற்கவில்லை. பந்து, நான், நாற்காலி, துரை எல்லாம் மரத்தடியில் ஒரே குவியல். படுத்தபடியே துண்டை அவிழ்த்துச் சலாம் வைத்தேன்.

துரை தொப்பியில் ஒட்டிய புல்லைத் தட்டினார். அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "சலாம் இப்ப சரியான எடம். லீவு எடு."

3. தைப்பூசம்

தோட்டமே லாரி ஏறி ஈப்போவுக்கு வந்தது. காவடி எடுத்து வரும்போது பார்த்தால், வேடிக்கை பார்க்க வந்த துரை ரோட்டோரம் நிற்கிறார். பழகிய கால் தயங்கிற்று.

"நிக்காத மச்சான்" என்று பின்னாலிருந்து காளியப்பன் முதுகில் கை வைத்தான்.

நிற்கவில்லை. தாண்டும்போது ஓரக்கண்ணால் பார்த்தேன். துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

ஓடுகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கோட்டில் யார் நின்றாலும் தாண்டிப் போய் மரியாதை செய்யுங்கள். அன்று சந்நிதியில் காவடியை இறக்கிய பிறகுதான் நான் துண்டை அவிழ்த்தேன்.