மயிலம்மாவின் கடைசிக் கான்

அறுபத்து நான்கு வயதில் ஒரு நாளைக்கு எண்பது வாளி தண்ணீர் உங்களால் இறைக்க முடியுமா? குளிக்க அல்ல, மணலுக்கு ஊற்ற. ஊற்றிவிட்டுக் கிணற்றடிக்குத் திரும்பி நடப்பதற்குள் அந்த மணல் மறுபடி வெளுத்துப் போய்விடும் என்று தெரிந்துகொண்டே ஊற்ற?

மயிலம்மா பதின்மூன்று வருடங்களாக ஊற்றி வருகிறார். விடியலில் நாற்பது, பொழுது சாயும்போது நாற்பது. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் எங்கள் ஒழுங்கையின் நடுவில், மூன்று மாடி லொட்ஜுக்குப் பக்கத்தில், கூரையில்லாத வீடு ஒன்று நிற்கிறதே, அதுதான் அவருடைய இடம். எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் எரிந்த வீடு. சொந்தக்காரர் இராசரத்தினம் பம்பலப்பிட்டி அகதி முகாமிலிருந்தே குடும்பத்தோடு லண்டன் போய்ச் சேர்ந்தார். போகும்போது, வீட்டில் வேலைக்கு நின்ற மயிலம்மாவிடம், "வளவைப் பாத்துக்கொள்" என்று ஒரு வார்த்தை சொன்னார். எரியாமல் மிஞ்சியது பின்பக்கத்துக் குசினி மட்டும். மயிலம்மா அதில் குடியேறினார். இரும்பு அலவாங்கை எடுத்துச் சீமெந்துத் தரையை அறை அறையாக உடைத்தார்.

இன்று அந்த வீட்டின் விறாந்தையில் பொன்னாங்காணி. சாப்பாட்டறையில் வல்லாரை. படுக்கையறை இரண்டிலும் வாழை. சுவர்களுக்கு மேலே மேகங்கள் அவசரமில்லாமல் போகின்றன. கடற்காற்று வெறும் ஜன்னலால் உள்ளே வந்து, இலைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, கதவில்லாத கதவால் அடுத்த அறைக்குப் போகிறது. கரையோர ரயில் கடந்தால் சுவரிலிருந்து கரித்தூள் கொஞ்சம் உதிரும். அங்கே ஐந்து நிமிடம் நின்றால் நமக்கே விழித்திருக்கிறோமா என்ற சந்தேகம் வந்துவிடும். அவருக்கு அந்தச் சந்தேகம் இல்லை. இலை நறுக்கி, கட்டி, புதுக்கடையில் இரண்டு சாப்பாட்டுக் கடைகளுக்கு அனுப்ப வேண்டும். கீரையைக் கூடையில் சுமந்து ஒழுங்கை முழுவதும் நடக்க வேண்டும்.

சென்ற மார்கழியில் முழங்கால் மறுத்தது. முதலில் வலதுகால், பிறகு வலது தோள். எண்பது வாளி அறுபதாயிற்று, அறுபது நாற்பதாயிற்று. படுக்கையறை வாழைகளில் ஒன்று இலை பழுத்துச் சாய்ந்தபோது அவர் அதன் அருகே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார் என்று பிறிஜெற் சொன்னாள். பிறிஜெற் எதிர்வீட்டில் இருக்கும் தாதி.

"மகள் ஹட்டன் பக்கம் தோட்ட லயத்தில இருக்கிறாளே, போகலாம்தானே?" என்று அவள் கேட்டிருக்கிறாள்.

"ஒரே காம்பரா, எட்டுப் பேரு. அங்கன போனா நான் மூலையில குந்தி கஞ்சி குடிக்கிற கிழவி. இங்கன நான் மயிலம்மா."

ஆகவே ஒரு வழி யோசித்தார். நாலு அடி ஆழத்தில், இரண்டு அடி அகலத்தில், முப்பது அடி நீளத்துக்கு ஒரு கான் வெட்டுவது. மலையகத் தோட்டங்களில் மழைநீர் ஓட வெட்டும் வாய்க்காலுக்குத்தான் கான் என்று பெயர். இந்தக் கானில் தண்ணீர் ஓடாது, தங்கும். அடியில் தேங்காய் மட்டைகளைக் குழிப்பக்கம் மேலே பார்க்க, வரிசை வரிசையாக அடுக்கி, மண் போட்டு, மறுபடி அடுக்கி, அதன்மேல் வாழைக்குட்டி நட வேண்டும். மட்டை ஊறிக்கொண்டால் நாலு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றினால் போதும். மணலில் வாழை நிற்கும். மயிலம்மாவும் நிற்பார். சித்திரை மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும்.

"இதுதான் என் கடைசிக் கான்" என்றார் பிறிஜெற்றிடம். "இன்னொண்ணு வெட்ட ஒடம்பு விடாது. இது சரியா வந்தா செத்துப்போற வரைக்கும் யாரு கையையும் பாக்க வேணாம்."

கான் வெட்டுவது அவருக்குப் புதிதல்ல. இளவயதில் தோட்டத்தில் கணவர் பழனிமுத்துவோடு சேர்ந்து மலைச்சரிவெல்லாம் கான் வெட்டியவர். பாதிக் கானை இவர் வெட்டினார்; சம்பளக் கணக்கெழுதும் செக்ரோலில் பெயர் பழனிமுத்துவுக்கு மட்டும் விழுந்தது. பெண்ணுக்குக் கொழுந்துக் கூடை, ஆணுக்கு மண்வெட்டி என்று எழுதியவன் எந்தக் காலத்திலும் ஒரு கானுக்குள் இறங்கியிருக்க மாட்டான்.

மாசி மாதம் தொடங்கினார். இளவயதில் ஒரு மூச்சுக்கு ஒரு வெட்டு. இப்போது மூன்று மூச்சுக்கு ஒன்று. மணல் சரியாமலிருக்க முதல்நாள் மாலையே நனைத்து வைப்பார். வெட்டிய ஓரங்களுக்கு வீட்டின் கரிந்த நிலைச்சட்டங்களையே முட்டுக்கொடுத்தார். நாளுக்கு ஒன்றரை அடி. கண்ணை மூடிக்கொண்டே வெட்டுகிறாரோ என்று தோன்றும். கை தன்பாட்டில் ஏறி இறங்கும். கடல் தன்பாட்டில் மூச்சுவிடும். ஒரு சாண் ஆழத்தில் கானின் இரண்டு பக்கச் சுவர்களிலும் விரலளவு தடிப்பில் ஒரு கறுப்புக் கோடு ஓடியது. எரிந்த வீட்டின் சாம்பல். அதற்குக் கீழே வெறும் மணலும் சிப்பியும். மயிலம்மா அந்தக் கோட்டை ஒருமுறை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு மண்வெட்டியைக் கோட்டுக்குக் கீழே இறக்கினார். நடுவில் பழைய வீட்டின் அத்திவாரம் குறுக்கிட்டதால் கானை வலதுபக்கம் வளைத்தார்.

அந்த வளைவுதான் வினை.

லொட்ஜின் மூன்று மாடிகளிலும் யாழ்ப்பாணத்தவர்கள். போன ஐப்பசியில் ஊரோடு கிளம்பி, மழையில் நடந்து, காட்டைக் கடந்து, வவுனியாவில் பயண அனுமதிப் பாஸுக்குக் காத்திருந்து கொழும்புக்கு வந்தவர்கள். ஒரு அறைக்கு ஆறு பேர். பொலிஸ் பதிவுத் துண்டைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுப்பவர்கள். இரத்மலானையிலிருந்து விமானம் ஒன்று கிளம்பினால் மூன்று மாடிகளிலும் முகங்கள் வானத்தைப் பார்க்கும். அவர்கள் மேலேயிருந்து பார்த்தபோது கீழே ஒரு கிழவி, ஆள் தாழ உட்காரும் ஆழத்தில், நடுவில் வளைத்து, மரச்சட்டம் வைத்துக் குழி வெட்டிக்கொண்டிருக்கிறார். அப்படி வளைத்து வெட்டும் குழி ஒன்றுதான் அவர்கள் அறிந்தது, பதுங்கு குழியான பங்கர். ஷெல் துண்டு நேரே பாய்ந்து வராமலிருக்க அவர்களுடைய ஒவ்வொரு வளவிலும் வெட்டியிருந்தார்கள்.

முதலில் மதிலுக்கு மேலால் தலையைக் காட்டியவர் நாகேஸ்வரி. ஐம்பது வயது, ஊரில் தையல் ஆசிரியை.

"என்னம்மா, தனியவோ வெட்டுறியள்?"

"ஆமா தாயி. வேற யாரு இருக்கா?"

"எத்தினை பேருக்குக் காணும்?"

மயிலம்மா வாழைக்குட்டிகளை மனதில் எண்ணினார். "நெருக்கி வச்சா பதினாலு."

நாகேஸ்வரி குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கு ஆரும் சொன்னவையோ? இஞ்சையும் வருமெண்டு?"

"வரும் தாயி, வரும். சித்திரையில கட்டாயம் வரும்" என்றார் மழைக்குக் காத்திருந்த மயிலம்மா.

அன்று பின்னேரமே லொட்ஜிலிருந்து சிவபாலன் இறங்கி வந்தார். அறுபது வயது வெங்காயத் தோட்டக்காரர். மயிலம்மாவின் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கினார். மூன்று மூச்சு வெட்டு மறுபடி ஒரு மூச்சு வெட்டு ஆயிற்று. மிச்சமிருந்த எட்டு அடியும் இரண்டே நாளில் முடிந்தது. முடிந்ததும் சிவபாலன், "மேலை போடத் தென்னங்குத்தி எங்கை?" என்று கேட்டார்.

"குத்தியா? எதுக்கு? மட்டைதானுங்க போடணும். கொட்டாஞ்சேனையில தேங்கா உரிக்கிற எடத்துல இருந்து நானூறு மட்டை வந்து கெடக்கு."

"மட்டை ஷெல்லைத் தாங்குமே?"

"ஷெல்லா? வாழைக்குங்க இது!"

சிவபாலன் கானையும் பார்த்தார், குவிந்து கிடந்த மட்டைகளையும் பார்த்தார். பிறகு குழிக்குள்ளேயே உட்கார்ந்து சிரித்தார். "அட, நாங்கள் தோட்டத்திலை மண்ணுக்குள்ளை பனையோலை தாழ்க்கிறமே, அதுதானே இது! நாகேஸ்வரி, இஞ்சை வாரும், உம்மடை பங்கரிலை வாழை முளைக்கப்போகுதாம்!"

நாகேஸ்வரியும் வந்து இறங்கினார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். நண்பகல். நனைந்த மணல் குளிர்ந்தது. வானம் தலைக்குமேல் ஒரு நீல நாடா. தோள் மட்டத்துக்கு மேலே நிலம். கொஞ்ச நேரத்தில் அவருடைய தலை சரிந்தது. சிவபாலனும் கண்ணை மூடினார். வெளிச்சம் உள்ளே வராத லொட்ஜ் அறையில் ஐந்து மாதமாகத் தூங்காதவர்கள் அந்தக் குழிக்குள் மதியம் முழுவதும் தூங்கினார்கள். அடுத்த நாள் ஆறு பேர். இரண்டு சிறுமிகள் ஒருவர் மடியில் ஒருவர் படுத்திருந்தார்கள்.

மட்டை அடுக்க வேண்டிய நேரம். மயிலம்மா அடுக்கவில்லை. கான் ஓரத்தில் உட்கார்ந்து, வாழையிலை ஒன்றை வெட்டி, வெயில் அவர்கள் முகத்தில் விழாமல் பிடித்துக்கொண்டிருந்தார். "தூங்கட்டும் பாவம். ரெண்டு நாளு கழிச்சி அடுக்குறேன்" என்றார் பிறிஜெற்றிடம்.

இரண்டாவது நாள் மூன்று மணிக்குச் சோதனைக்கு வந்த பொலிஸார் லொட்ஜைப் பார்த்துவிட்டு மதில் கதவைத் திறந்தார்கள். வெள்ளவத்தையின் நடுவில், வளைத்து வெட்டிய நாலடிக் குழிக்குள் ஆறு தமிழர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"மே மொகக்த?" இது என்ன என்று சார்ஜன்ட் சிங்களத்தில் அதட்டினார்.

ஆறு பேருடைய கைகளும் மேலே உயர்ந்தன. கண்கள் அதற்குப் பிறகுதான் திறந்தன. அந்தச் சிறுமிகளில் மூத்தவள், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் நல்ல மாணவியாக, "பங்கர்" என்றாள்.

"பங்கர் இல்ல மஹத்தயா! கெசெல் வலட்ட, கெசெல் வலட்ட!" வாழைக்கு, வாழைக்கு என்று மயிலம்மா மட்டைகளைக் கைநிறைய அள்ளிக் காட்டினார்.

சார்ஜன்ட் ஒரு மட்டையை வாங்கிப் புரட்டினார். குருநாகல்காரராம், தகப்பனிடம் தென்னந்தோட்டம் உண்டாம். "குழி மேல பாக்க வைக்கணும் ஆச்சி" என்றார் தமிழிலேயே.

"அப்படித்தான் மஹத்தயா வைப்பேன்."

"எனக்குத் தெரியுது. எனக்கு மேல இருக்கிற ஐயாவுக்குத் தெரியணுமே. ஐடென்டி எங்க?"

அங்கேதான் எல்லாம் நின்றது. மயிலம்மாவிடம் அடையாள அட்டை இல்லை. இந்த நாட்டில் பிறந்தவர். பதினாறு வயதில், கொழுந்துக் கூடையோடு சரிவில் நின்றபோது, மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டம் ஒன்று வந்து அவரை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர் ஆக்கியது. இந்த மண்ணை ஐம்பது வருடமாக வெட்டுகிறவருக்கு இந்த மண் சொந்தமில்லை என்று எழுதிய காகிதம் மட்டும் செல்லும்!

அவரைக் கொண்டுபோகவில்லை. அது சார்ஜன்ட் செய்த நன்மை. மாலையில் மேலிடத்து உத்தரவோடு திரும்பி வந்தார்: ஒழுங்கையில் நிரந்தரமாகக் குடியிருக்கும் பத்துப் பேர், அடையாள அட்டை இலக்கத்தோடு, இவரைத் தெரியும், இந்தக் குழி பயிருக்குத்தான் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். சனிக்கிழமை மாலை ஐந்து மணி வரை தவணை. இல்லாவிட்டால் மயிலம்மாவே குழியை மூடிவிட வேண்டும். லொட்ஜ்காரர்களின் கையெழுத்து செல்லாது. அவர்கள் தற்காலிகம்.

கடிதத்தை நான் எழுதினேன். ஒழுங்கையில் கடை வைத்திருக்கும் பௌஸி கல்லாவை விட்டு எழும்பி வந்து முதல் ஆளாகக் கையெழுத்து வைத்தார். அடுத்தது பிறிஜெற். மூன்றாவது மூலைவீட்டு ஓய்வுபெற்ற சிங்களத் தபாலதிபர். கண்ணாடியைத் தேடி எடுக்கும் நேரம்தான் ஆயிற்று. நான்காவது நான். அதற்குப் பிறகு இரண்டு நாளாக ஐந்தாவது இல்லை. இந்த ஒழுங்கையில் இருபத்தொரு வீடுகள். பதினாறு தமிழ் வீடுகள்.

என் முன்வீட்டு அன்னபாக்கியம் அக்கா கேற்றுக்கு உள்ளே நின்றே பேசினார். "எங்கடை பேர் பொலிசிலை போகக் கூடாது தம்பி. பிள்ளைகள் இருக்கினம்."

"பதின்மூன்று வருடமாக உங்களுக்குத் தெரிந்தவர்தானே அக்கா?"

"தெரியும்தான். மயிலு நல்லவள். ஆனா நாள் பாராமல் மண்ணை வெட்டினவள் எல்லோ, அதுதான் இப்பிடி. ஐயரிட்டைச் சொல்லி ஒரு அர்ச்சனை செய்விக்கச் சொல்லும். நானே தட்டம் கொண்டுபோறன்."

தட்டம் தூக்கக் கை இருக்கிறது. பேனா தூக்க இல்லை. அறுபத்து நான்கு வயதுக்காரரை ஐம்பத்தைந்து வயதுக்காரி 'அவள்' என்பதற்கு எந்த நாளும் பார்க்க வேண்டியதில்லை. கும்பாபிஷேக மலரில் தங்கள் பெயரை விரல் வைத்துத் தேடுகிறவர்கள், ஒரு மனுஷிக்காக அதே பெயரை எழுதச் சொன்னால் ஜன்னலைச் சாத்துகிறார்கள். மண்ணுக்கு ராகுகாலம் தெரியாது. பயந்த அயலுக்கு நடுவில் வெட்டியதைத் தவிர மயிலம்மா ஒரு குற்றமும் செய்யவில்லை.

நேற்று மாலை போய்ப் பார்த்தேன். கான் வெறுமையாகக் கிடந்தது. சிவபாலனும் மற்றவர்களும் அந்தப் பக்கம் வருவதில்லை. தங்களால் வந்தது என்று வெட்கப்படுகிறார்கள். மயிலம்மா ஓரத்தில் கால்களைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். வாழைக்குட்டிகள் ஈரச் சாக்கில் சுற்றிக் கிடந்தன. கடல்பக்கம் மேகம் கட்டியிருந்தது. காற்று அறை அறையாகப் போய்வந்தது.

"மூடத்தான் சொன்னா மூடிருவேன்யா" என்றார். "வெட்ட மூணு வாரம். மூட ஒரு நாளு போதும். அப்புறம் ஹட்டன் பஸ் எத்தனை மணிக்குன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

இன்னும் ஆறு கையெழுத்து வேண்டும். கடிதம் பௌஸியின் கடையில், தராசுக்குப் பக்கத்தில், பேனாவோடு இருக்கிறது. இதை வாசிக்கும் நீங்கள் எங்கள் ஒழுங்கைக்காரரானால், சனிக்கிழமை ஐந்து மணிக்கு முன்னால் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு இறங்கி வாருங்கள். வந்து உங்கள் பெயரை எழுதுங்கள்.