குண்டு எழுத்தில் பெரிய மாமா

அக்காவுக்குச் சடங்கு வைத்தபோது எனக்கு ஒன்பது வயது. ஃப்ளெக்ஸ் அடிக்கக் கொடுப்பதற்கு அப்பா என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு பாலக்கரைக்குக் கிளம்பினார். என் செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் அம்மா குனிந்து காதில் சொன்னாள். "பெரிய மாமா பேரைக் குண்டு எழுத்துல போடச் சொல்லு. பஸ்ஸுல போறப்பவே தெரியணும். அப்பாகிட்ட சொல்லிடாத."

பெரிய மாமா அம்மாவின் அண்ணன். அவரும் அப்பாவும் பேசி மூன்று வருஷம். ஏதோ கல்யாணப் பந்தியில் வாய்த்தகராறு. குறைந்தது சாம்பாரா, மரியாதையா என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அம்மா பத்திரிகை வைக்கப் போனபோது "பார்க்கலாம்" என்றாராம். தாய்மாமன் சீர்த்தட்டோடு வராவிட்டால் அம்மா சபையில் எப்படி நிற்பாள்? அவருக்கு அரியமங்கலத்தில் லேத் பட்டறை. தினமும் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில், திருவானைக்காவலில் நாங்கள் பிடித்திருந்த மண்டபத்தைத் தாண்டித்தான் போவார். அம்மா போட்ட கணக்கு அது.

கடையில் டிசைன் போடுகிற அண்ணன் கம்ப்யூட்டரில் குண்டு எழுத்தைக் காட்டினார். வாயைப் பிளந்து பார்த்தேன். வளைவு என்ற பேச்சே இல்லை, செங்கல் அடுக்கிக் கட்டிய மாதிரி நின்றது. 'ழ'வுக்குள் எறும்பு நுழையத்தான் இடம். சுவரில் மாட்டியிருந்த மாதிரிகளில் ஆடித் தள்ளுபடிக்கும் அதே எழுத்து, கண்ணீர் அஞ்சலிக்கும் அதே எழுத்து. எனக்குத் தலை சுற்றியது. சந்தோஷமா துக்கமா என்று எழுத்துக்கே தெரியாதா? அவரிடமே கேட்டேன்.

"அதெல்லாம் அதுக்குத் தெரியாதும்மா. தூரத்துல இருக்கறவங்களுக்கு இந்த எழுத்து. பக்கத்துல நிக்கறவங்களுக்குச் சன்னமா இருந்தாப் போதும்."

அப்பா பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். பெரிய மாமா முறை வந்ததும் கொஞ்சம் நிறுத்தி, "அது கடைசி வரியில சின்னதா இருக்கட்டுங்க" என்றார். நான் வாயைத் திறக்க வேண்டிய இடம் அதுதான். திறக்கவும் செய்தேன். "தண்ணி வேணும்" என்றுதான் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கண்ணாலேயே கேட்டாள். பயத்தில் தலையை ஆட்டிவிட்டேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் நான் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டேன். வாசலில் நின்ற அப்பா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "பின்சக்கரத்துல காத்து இறங்கியிருக்கு, காத்தடிச்சிட்டு வந்துடறேன்" என்று கிளம்பினார். திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

மறுநாள் சனிக்கிழமை, பஸ்ஸில் கூட்டம் ஏறும் நேரத்துக்கு முன்பே மண்டபத்து வாசலில் ஃப்ளெக்ஸ் ஏறியது. பயந்து பயந்து நிமிர்ந்து பார்த்தேன். அக்கா போட்டோவுக்கு மேலே பெரிய மாமா பேர், குண்டு எழுத்தில். அப்பா பேர் கீழே ஒரு மூலையில் சன்னமாக இருந்தது. கடைக்கார அண்ணன் தப்பாகப் போட்டுவிட்டார், அப்பா இப்போது தாம்தூம் என்று குதிக்கப்போகிறார் என்று நடுங்கினேன். அவரோ ஏணியில் நின்று, தொய்ந்த ஓரத்தை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய மாமா மேளத்தோடு வந்தார். பட்டுப்புடவைத் தட்டு அவர் கையில், மற்ற தட்டுகள் பின்னால். ஃப்ளெக்ஸுக்குக் கீழே ஒரு நிமிஷம் நின்று அண்ணாந்து பார்த்தார். அப்பா "வாங்க" என்றார். அவர் "வந்தேங்க" என்றார். மூன்று வருஷச் சண்டை அவ்வளவுதானா?

அம்மா அழுதாள். மாமா வராவிட்டால் அழுவாள் என்றுதான் நான் பயந்தேன். வந்த பிறகும் எதற்கு அழுகிறாள்? என்னைச் சேர்த்து அணைத்து, "எல்லாம் என் தங்கம் போய்ச் சொன்னதுதான்" என்றாள். நான் திருதிருவென்று அப்பாவைப் பார்த்தேன். "ஆமா, சமத்தாச் சொன்னா" என்றார் அவரும். இரண்டு லட்டு அதிகமாகக் கிடைத்தது. நான் சொல்லாததைச் சொன்னேன் என்று அப்பா ஏன் சொல்கிறார் என்று யோசித்துக்கொண்டே தின்றேன்.

மத்தியானம் வீட்டுக்குக் கிளம்பும்போது வண்டியின் பின்சக்கரம் தரையோடு ஒட்டிக் கிடந்தது.

"முந்தாநாள்தானே காத்தடிச்சீங்க?"

"பேசாமத் தள்ளுடி."

அப்பாவைக் காற்றடிக்கிற கடைக்காரர் நன்றாக ஏமாற்றிவிட்டார் என்று எனக்கு அப்படியொரு கோபம். வெகுநாள் வரை அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் அவரை முறைத்துக்கொண்டே போவேன்.