கண்ணாடி ஓட்டின் கீழ் ஒரு மீன்தொட்டி

காஞ்சிபுரத்தில் எங்களைப் போன்ற தறி வீடுகளில் கூரையில் ஒரு கண்ணாடி ஓடு இருக்கும். அதன் வெளிச்சம் நேராகத் தறியில் விழும். கண்ணால் பார்க்க வேண்டியது எதுவானாலும் அதன் கீழே கொண்டுவந்து வைப்போம். பட்டு நூலின் சாயம் பார்ப்பதும் அங்கேதான், பெண்ணின் ஜாதகம் பார்ப்பதும் அங்கேதான்.

அம்பத்தூரில் தம்பிக்குத் தொழிற்சாலை வேலை கிடைத்த வருஷம், தீபாவளிக்கு ஒரு கண்ணாடித் தொட்டியோடு வந்தான். பால் தூக்கில் நான்கு தங்க மீன்கள். கரையும் உடலும் வேறு வேறு நிறத்தில் கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உடலை நெய்ய, இன்னொருவர் வலப்பக்கம் உட்கார்ந்து கரைக்கு ஊடை நூல் ஓட்டும் நாடாவை வீசுவார். அந்த வலப்பக்கம் அவன் இடம். அவன் போனபின் கோர்வை இல்லாத சேலைக்கே ஆர்டர் வாங்கி ஒண்டியாக நெய்துகொண்டிருந்தேன். வீட்டில் வேறு ஆள் இல்லை.

"பேச்சுத் துணைக்கு வச்சுக்கண்ணா. பொங்கலுக்கு வர்றப்போ நாலும் உசுரோட இருக்கணும்" என்றான்.

அவன் உட்காரும் இடத்திலேயே, கண்ணாடி ஓட்டுக்குக் கீழே, தொட்டியை வைத்தேன். கோயில் குளத்து மீனுக்குப் பொரி போட்டு வளர்ந்த கை சும்மா இருக்குமா? நாடாவைக் கீழே வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி பொரி.

கொஞ்ச நாளில் தண்ணீர் பச்சையாகிவிட்டது. கண்ணாடியெல்லாம் வழவழவென்று பாசி. மீன்கள் நிழல் போலத் தெரிந்து மறைந்தன. உறைமோர் கேட்டு வந்த எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

"இன்னாபா, மீன் வளக்கிறியா, கீரை வளக்கிறியா? ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னுவாங்க. நீ தொட்டியிலயே அளக்காம கொட்டிக்கினு இருக்கிறியே!"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மொத்தத் தண்ணீரையும் கொட்டி, தேங்காய் நாரால் தேய்த்து, கிணற்று நீர் நிரப்பினேன். மறுநாள் காலை ஒரு மீன் மல்லாந்து மிதந்தது. வாரம் திரும்புவதற்குள் பாசி மட்டும் திரும்பி வந்தது.

தம்பிக்கு என்ன பதில் சொல்வது? பாதிச் சோற்றில் எழுந்தேன். கை கழுவப் பின்கட்டுக்குப் போனேன். வெயிலில் கிடந்த கல்தொட்டி பச்சைப் பசேலென்று இருந்தது. சமையலறை மூலையில், இருட்டில் இருந்த குடத்திலோ பொட்டுப் பாசி இல்லை. திரும்பி வந்து பார்த்தால், மீன்தொட்டியிலும் ஓட்டு வெளிச்சம் விழும் பக்கம்தான் பாசி தடித்திருந்தது. எனக்கு வேண்டிய வெளிச்சம் மீனுக்கு ஆகவில்லை.

தொட்டியை உள் அறைக்கு மாற்றினேன். பொரியை நிறுத்தி, விரல் நுனியில் எடுக்கும் தீனி மட்டும் போட்டேன். தினமும் ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து ஒரு செம்பு ஊற்றினேன். மார்கழி முடிவதற்குள் தண்ணீர் தெளிந்துவிட்டது. மூன்று மீனும் கொழுத்தன. ஆனால் தறியில் உட்கார்ந்தால் அவை தெரியாது.

பொங்கலுக்கு வந்த தம்பி, செருப்பைக் கழற்றும் முன்பே தறிப்பக்கம் பார்த்தான்.

"மீன் எங்கண்ணா? எல்லாம் போயிடுச்சா?"

"ஒண்ணு போச்சு. மூணு உள்ள இருக்குதுடா. இங்க இருந்தா வாழாது."

உள்ளே போய்க் குனிந்து வெகுநேரம் பார்த்தான். "நல்லாத்தான் இருக்குதுங்க" என்றான். பிறகு தன் பழைய இடத்தில் உட்கார்ந்து தரையைத் தடவிக்கொண்டிருந்தான். "சாயங்காலம் பஸ் ஏறணும்ணா. நாளைக்கு ஷிஃப்டு."

நீரடித்து நீர் விலகாது என்பார்கள். எங்களுக்குள் யாரும் அடிக்கவில்லை. பஸ் ஏறினான், அவ்வளவுதான்.

மறுநாள் தறியில் உட்கார்ந்தேன். தறியில் நீளவாக்கில் பூட்டிய பாவில் ஓர் இழை அறுந்தது. முடிச்சுப் போட்டுக்கொண்டே, "அறுந்துடுச்சுபா" என்று மீன்கள் இருக்கும் உள் அறைப் பக்கம் குரல் கொடுத்தேன்.