ஆடிக்காற்றில் ஒரு விளக்கு

தீயணைப்புத் துறையில் சேர்ந்த பிறகு எனக்கு ஒரு வியாதி வந்துவிட்டது. கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் உட்காருவதற்கு முன் சமையல்கட்டுப் பக்கம் ஒரு சுற்று சுற்றி, சிலிண்டர் எங்கே நிற்கிறது, வெளியேற வழி எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் இலைக்கு வருவேன். "சாப்பிட வந்தீங்களா, சோதனை போட வந்தீங்களா?" என்பாள் என் மனைவி.

அந்த ஆடி மாதம் வியாதி முற்றிப்போயிருந்தது. அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். அதற்கு முன்பு இரண்டு தடவை கரு தங்காமல் போயிருந்தது. எங்கள் பங்காளி வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் மறுபடி உண்டானால் குலசாமி கோயிலில் விளக்கேற்ற வேண்டும். பிள்ளை பிறக்கும்வரை அது அணையக் கூடாது. எங்கள் கோயில் ஊருக்கு வெளியே, எழுமலை ரோட்டுக்குக் கிழக்கே ஓடைப் பள்ளத்தில் இருக்கிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஆனால் அந்தப் பள்ளத்தில், கல்மாடத்துக்குள் விளக்கு அசையாமல் எரிந்தது. காலையும் மாலையும் அவளே போய் எண்ணெய் ஊற்றிவிட்டு வருவாள். நான் அப்படியொன்றும் பெரிய பக்திமான் இல்லை. ஆனாலும் டியூட்டியிலிருந்து போன் போட்டால் முதலில் கேட்பது "விளக்கு எரியுதா?" என்றுதான்.

ஒருநாள் மதியம் ஸ்டேஷனுக்கு அழைப்பு வந்தது. பேரையூர்ப் பக்கமிருந்து வந்த கேஸ் டேங்கர் எழுமலை ரோட்டில் கவிழ்ந்து கிடக்கிறதாம். இடத்தைச் சொன்னதும் இன்னொரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். அது எங்கள் கோயிலுக்கு நேர் மேற்கே.

காற்று வரும் திசையிலிருந்துதான் நெருங்க வேண்டும் என்பதால், காட்டுப்பாதையில் சுற்றிப்போய் மேற்கே வண்டியை நிறுத்தினோம். டேங்கரின் பின்பக்கக் குழாய் மூட்டிலிருந்து கேஸ் வெள்ளைப் புகையாகச் சீறிக்கொண்டிருந்தது. டிரைவருக்குக் கையில் சிராய்ப்பு மட்டும்தான். தீ இல்லையே, பயமில்லை என்று ஊர்ச்சனம் திரண்டு நின்று செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தது. எங்களுக்கோ இன்னும் தீப்பிடிக்காமல் இருப்பதுதான் பயம். டிரைவர் பிழைத்ததற்காக ரோட்டோரத்தில் சூடம் காட்டலாமென்று ஓர் அண்ணன் தீப்பெட்டியோடு வந்தார்.

"அண்ணே, அம்புட்டுப் பேரையும் கொளுத்தவா வாரீக? தீப்பெட்டிய மடியில வைங்க!" என்று கத்தினேன்.

"சாமிக்கு ஒரு சூடம் காட்டக் கூடாதாப்பா?" என்று முறைத்துக்கொண்டே போனார்.

இரண்டு பக்கமும் போக்குவரத்தை நிறுத்தினோம். கரண்டைக் கட் செய்யச் சொல்லி, டீக்கடை அடுப்பை அணைக்க வைத்து, தண்ணீரை விசிறி போல விரித்து அடித்துக் கேஸைக் கலைக்க ஆரம்பித்தோம். இந்தக் கேஸ் காற்றைவிடக் கனம். மேலே போகாது, தண்ணீர் மாதிரி பள்ளம் தேடித்தான் ஓடும். எங்கேயாவது ஒரு பொறியைத் தொட்டுவிட்டால் வந்த வழியே தீயாகத் திரும்பி வரும். காற்று மேற்கேயிருந்து அடிக்கிறது, பள்ளம் கிழக்கே இருக்கிறது. அந்தப் பள்ளத்தில் என் பிள்ளைக்கான விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது.

"சார், கோயில்ல விளக்கு எரியுது" என்றேன் ஆபீசரிடம்.

"ஓடுய்யா. கேஸ் போறதுக்குள்ள நீ போகணும்."

வடக்கே சுற்றி, உழுத காட்டில் விழுந்து எழுந்து ஓடினேன். கோயிலுக்குள் என் மனைவி எண்ணெய்ப் புட்டியோடு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குக் காற்று கூடுதலாக இருக்கிறதென்று விளக்கைப் பார்க்க மதியமே வந்துவிட்டாளாம்.

"கேஸு வருது... விளக்க..." என்று கையை நீட்டினேன். எத்தனையோ வைக்கோல் படப்புகளை, பஞ்சு குடோனைக்கூட அணைத்த கை. நகக்கண் அளவு சுடர் பக்கம் அது போகமாட்டேன் என்றது.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு ரோட்டுப் பக்கம் பார்த்தாள். சாமி காலடியில் கிடந்த செவ்வரளிப் பூவை எடுத்து, ஏதோ முணுமுணுத்தபடி திரியின் மேல் வைத்து அழுத்தினாள். விளக்கை வாயால் ஊதி அணைக்கக் கூடாது. அந்த அவசரத்திலும் அவள் முறை தப்பவில்லை.

"எந்திரிக்கக் கையக் குடுங்க" என்றாள்.

அவளை வடக்கே மேட்டில் ஏற்றி, அங்கே வேடிக்கை பார்த்து நின்ற பக்கத்து வீட்டுப் பெண்களிடம் விட்டுவிட்டு டேங்கருக்குத் திரும்பினேன். மாஸ்க் மாட்டிக்கொண்டு நானும் இன்னொருவரும் கசிவின் மேல் ஈரச்சாக்கைச் சுற்றிச் சுற்றிக் கட்டினோம். கேஸின் குளிரில் சாக்கு பனிக்கட்டியாக உறைந்து சீற்றம் அடங்கியது. சாயங்காலம் கம்பெனி ஆட்கள் வந்து மிச்சத்தை வேறு டேங்கருக்கு மாற்றினார்கள். பேப்பரில் ஒரு வரிகூட வரவில்லை. வெடிக்காத டேங்கரைப் பற்றி யார் எழுதுவார்கள்?

மறுநாளே அவள் விளக்கை ஏற்றிவிட்டாள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. இடையில் அணைந்தது அணைந்ததுதானே? அவள் இருமினால் எழுந்து உட்காருவேன். "புள்ள ஒதைக்குதா?" என்று நச்சரிப்பேன். "உங்களைத்தேன் ஒதைக்கணும்" என்று சிரிப்பாள். எப்படி இவளால் சிரிக்க முடிகிறது என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

ஐப்பசி மழையில் மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து, "விளக்கு அணைஞ்சும் சாமி புள்ளயக் குடுத்துருச்சு" என்றேன்.

"அணைக்கிறப்ப நான் என்ன கேட்டேன்னு நெனைக்கிறீங்க?"

"புள்ளயத்தான் கேட்டிருப்ப."

இல்லை என்று தலையாட்டினாள். "இந்த மனுசன் திரும்ப அந்த வண்டிகிட்டத்தேன் போவாரு, அவரை முழுசா அனுப்பிவிடு, புள்ளய நான் கேக்கலன்னு சொல்லித்தேன் அமுக்குனேன். நீங்க வந்துட்டீங்க. அன்னையில இருந்து எனக்குத் தூக்கமே இல்லைங்க."

அத்தனை இரவும் அவள் பக்கத்தில் நான் விழித்துக்கொண்டுதான் கிடந்தேன். அவள் தூங்குவதாக நினைத்து, புரண்டு படுக்கக்கூட இல்லை.