நீல முட்டைச் சேவல்

என் ராத்தாவுக்கு மாப்பிள்ளை வந்த அன்று, அவரோடு ஒரு சேவலும் வந்தது.

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டைவிட்டுப் போவதில்லை. வீடு அவளுக்கு, மாப்பிள்ளைதான் வந்து சேர வேண்டும். அப்படித்தான் மச்சான் பொத்துவிலிலிருந்து மருதமுனைக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு தகரப் பெட்டி, ஒரு தொழுகைப் பாய், வாய் கட்டிய ஒரு பிரம்புக் கூடை. கூடையை அவிழ்த்தார்கள். சாம்பலும் பொன்னும் கலந்த உடம்போடு ஒரு சேவல் குதித்தது. கொண்டை இருக்க வேண்டிய இடத்தில் தட்டையாக மூன்று வரிப் பருக்கள். இரண்டு கன்னத்திலும் அடர்ந்த இறகுத் தாடி! கல்யாண வீடே சிரித்தது. சேவல் மட்டும் சிரிக்காமல், வந்த பெரிய மனிதர்களை ஒவ்வொருவராகப் பார்த்தது.

“இது நீல முட்டைச் சேவல், மச்சான்” என்றார் அவர் என்னிடம். எனக்குப் பத்து வயது. அதுவரை யாரும் என்னை மச்சான் என்று அழைத்ததில்லை. அந்தச் சொல்லிலேயே ஒரு சாண் வளர்ந்துவிட்டேன். அறுகம்பையில் அலையேற வந்த வெள்ளைக்காரர் ஒருவர் வளர்த்து, போகும்போது விட்டுப்போன கோழிகளின் வம்சமாம். இதன் தாய் வானத்தின் நிறத்தில் முட்டையிட்டதாம்.

வானத்தின் நிறத்தில்! அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் வீட்டு வளவில் மூன்று பேடுகள் இருந்தன, மூன்றும் தவிட்டு நிறத்தில் முட்டையிடுபவை. சேவல் வந்துவிட்டது, இனி நீலம்தான். தெரு முழுக்கச் சொன்னேன். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த மாமி மகளிடம் இரண்டு முறை சொன்னேன். விடிந்தால் கோழிக்கூட்டுக்குள் கை. முதலில் சூடு, பிறகு வழவழப்பு, பிறகு வெளியே எடுத்தால்... தவிடு. மறுநாளும் தவிடு. அதற்கு மறுநாளும்.

“பொறு மச்சான். நிறம் தாய்க்கு வராது. மகளுக்குத்தான் வரும்” என்றார் அவர். காதில் விழுந்தது. உள்ளே போகவில்லை.

வாப்பா கைத்தறி நெய்பவர். வீட்டின் பின்புறம் சாயத் தொட்டிகள். காலையில் வெள்ளையாக உள்ளே போகும் நூல், பகலில் கொடியில் நீலமாகத் தொங்கும். எனக்குத் தெரிந்த நிறமெல்லாம் முக்கினால் வருவதுதான். கோழிக்கு நிறம் தானாக வரவில்லை என்றால் என்ன, உள்ளே போட்டால் போயிற்று! தொட்டியின் அடியிலிருந்து ஒரு சிரட்டை நீலம் எடுத்துத் தவிட்டில் குழைத்துச் சிவப்புப் பேட்டுக்கு வைத்தேன். அது தின்றது. மறுநாள் முட்டை தவிட்டு நிறத்தில் வந்தது. ஆனால் வளவு முழுக்க, வாசற்படி வரைக்கும், நீல நீலமாக எச்சம்.

வேலிக்கு மேலே மாமி மகளின் தலை எழும்பியது. “முட்டை எங்கடா? பீதான் நீலம்!”

நான் குர்ஆன் ஓதப் பள்ளிக்குப் போவதற்கு முன்பே செய்தி அங்கே போய் உட்கார்ந்திருந்தது. ஒரு கிழமை, ஏழு நாளும், எனக்கு நீலப்பீ என்றே பெயர். நல்ல வேளை, பேடு சாகவில்லை. உம்மாவின் ஈர்க்கு மட்டும் இரண்டு முறை பேசியது. என் கோபமெல்லாம் தாடிக்காரச் சேவல் மேல் திரும்பியது.

மச்சான் அதைக் கவனிக்கவில்லை. அவர் முட்டைகளை அடைவைத்தார், குஞ்சுகள் பொரித்தன. ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் எடுத்துப் பெருவிரலால் தலையைத் தடவுவார். தகப்பனைப் போலக் கொண்டை தட்டையாக முளைத்ததை, கன்னத்தில் தாடி அரும்பியதை, “இதைக் குடுக்கக் கூடாது” என்று தனியாகப் பிரிப்பார். அப்படி நான்கு பேட்டுக் குஞ்சுகள் சேர்ந்தன.

அவற்றுக்கு இரண்டு மாதம் இருக்கும். மச்சானின் உம்மாவும் வாப்பாவும் பொத்துவிலிலிருந்து முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். எங்கள் உம்மா வளவுக்கு வந்து நின்று, ஆக்குவதற்குக் கடையில் ஒரு சேவல் எடுப்போமா என்று யோசித்தார். அவர் யோசித்து முடிக்க நான் விடவில்லை.

“உம்மா, தாடிக்காரன அறுங்க. அது ஒண்டுக்கும் உதவாது.”

மச்சான் கிணற்றடியில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார். “மருமகன், என்ன சொல்றீங்க?” என்று உம்மா கேட்டார். கயிறு ஒரு கணம் நின்றது.

“உங்கட விருப்பம் மாமி. அறுங்க.”

அவரே பிடித்தார். பிடிக்க வேண்டியதே இருக்கவில்லை. அவரைக் கண்டு அது ஓடாது. கக்கத்தில் வைத்துக்கொண்டு, அறுப்பதற்குப் பள்ளிவாசல் மோதினாரின் வீட்டுக்கு நடந்தார். பெருநாள் போலக் குதித்துக்கொண்டு நான் முன்னால் ஓடினேன். பகல் சோற்றுக்கு ஒரே சஹன் தட்டைச் சுற்றி வாப்பா, மச்சான், அவருடைய வாப்பா, நான். உம்மா பெரிய காலை மச்சான் பக்கம் வைத்தார். அவர் அதை என் பக்கம் தள்ளினார். தின்றேன். நல்ல ருசி.

பிறகு நான்கு மாதம். ஒரு காலை தாடிப் பேடு ஒன்று கூட்டிலிருந்து இறங்கி, ஊரையே கூப்பிடுவதுபோலக் கொக்கரித்தது. கையை விட்டேன். சூடு. வழவழப்பு. எடுத்தேன்.

பச்சை! இளம் வாழைக்குருத்தின் பச்சை! கத்திக்கொண்டு தறிக்கு ஓடினேன். வாப்பா வாங்கினார், எச்சில் தொட்டுத் தேய்த்தார். என் சரித்திரம் அப்படி. நிறம் போகவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “தாய்ர தவிட்டு மஞ்சளுக்கு மேல தகப்பன்ட நீலம் விழுந்திரிக்கி. பச்சைதானே வரும்” என்றார், சாயக்காரர் அல்லவா. மாமி மகள் வேலி பாய்ந்து வந்து அவளும் தேய்த்துப் பார்த்தாள். வாயடைத்து நின்றாள். அவள் வாயடைத்து நான் பார்த்த முதல் முறை அது. அவள் வீட்டுக்கே மாப்பிள்ளையாகப் போய் இருபது வருடமாகியும் இரண்டாவது முறை இன்னும் வாய்க்கவில்லை.

மச்சான் வெளியே போய் வந்ததும் முட்டையை அவர் கையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த மகள்களைத் தாடிக்காரனோடே திரும்பவும் சேர்த்திருந்தால் அடுத்த வம்சம் நீலத்துக்குக் கிட்ட வந்திருக்கும் என்றார், சும்மா, மழை பற்றிச் சொல்வதுபோல. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“அப்ப ஏன் மச்சான் அண்டைக்கு வாணாம் எண்டு சொல்லல்ல? உங்கட சேவல்தானே?”

அவர் குசினிப் பக்கம் ஒரு முறை பார்த்தார். உள்ளே உம்மா பாத்திரம் கழுவும் சத்தம். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அது உங்கட ஊட்டுச் சேவல், மச்சான்.”

இவ்வளவு மறதியா ஒரு மனிதருக்கு என்று எனக்கு ஆச்சரியம். “இல்ல, நீங்கதான் கொண்டு வந்தீங்க. கூடையில. நான் பார்த்தேன்” என்று திருத்தினேன். “ஓம், ஓம்” என்று சிரித்து, முட்டையை என் கையிலேயே திருப்பி வைத்தார். நல்ல வேளை ஞாபகப்படுத்தினேன் என்ற பெருமையோடு, மற்ற மூன்றும் இட்டிருக்கின்றனவா என்று பார்க்கக் கூட்டுக்கு ஓடினேன்.