பேர் போன வாட்ச்மேன்

என் மச்சான் சோலைச்சாமி எம்.ரெட்டியபட்டிக்காரர். அருப்புக்கோட்டை பக்கம் ஒரு நூல் மில்லில் வாட்ச்மேன். பக்கவாதம் வந்து கைகால் தேறிவிட்டது, பேச்சு மட்டும் திரும்பவில்லை. உடனே ஊர் அவரைச் செவிடு, பைத்தியம் இரண்டுமாக ஆக்கிவிட்டது. வருகிறவன் எல்லாம் காதுக்குள் கத்துவான், "என்னைத் தெரியுதா?" தெரிந்து தொலைத்ததால்தான் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மில் மேனேஜர் ஒரு வழி சொன்னார். லாரி வந்தால் கேட்டில் இருக்கும் போனை எடுத்து, "சோலைச்சாமி பேசுறேன், லோடு வந்திருக்கு" என்று சொல்லத் தெரிந்தால் வேலை உண்டு. இல்லையென்றால் வேறு ஆள். வேலை போனால் வீட்டு மூலையில் கிடக்கும் சாமானாகிவிடுவோம் என்று மச்சானுக்கும் தெரியும்.

மதுரையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் கிருஷ்ணப்ரியா என் அக்கா முத்துத்தாயிடம் தெளிவாகத்தான் சொன்னாள்.

"அறிவு போகலம்மா. வார்த்தைதான் சிக்க மாட்டேங்குது. முன்ன மாதிரி ஒரு தடவை கேட்டு இவரால பிடிச்சுக்க முடியாது. உங்க வாயப் பாத்து, அதே வார்த்தைய திரும்பத் திரும்பக் கேட்டாத்தான் படியும்."

அக்கா தலையாட்டினாள். தலையாட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

தினமும் வீட்டில் அக்காவே பாடம் எடுத்தாள். மச்சான் அவள் உதட்டையே பார்த்து வேர்த்து விறுவிறுத்துப் போவாராம். லோடு முதலில் ரோடு ஆகி, பிறகு ஓடு ஆகி, ஒருவழியாக லோடே ஆனது. மல்லாங்கிணற்றிலிருந்து நான் போனில் கேட்கும்போதெல்லாம், "நல்லாப் படிச்சிட்டாக" என்று பீற்றிக்கொண்டாள்.

சோதிக்கிற நாளில் நானும் கூடப் போனேன். மச்சான் கேட்டில் இருந்த போனை எடுத்தார்.

"தங்கச்செல்வி அப்பா பேசுறேன். லோடு வந்திருக்கு."

பிசிறே இல்லை. மேனேஜர் வெளியே வந்து, "பேரு என்ன?" என்றார். மறுபடியும் தங்கச்செல்வி அப்பாதான்.

"சொந்தப் பேரே மறந்துபோச்சே. கூட்டிட்டுப் போங்க," என்று உள்ளே போய்விட்டார்.

எனக்குத் தலை சுற்றியது. "என்னக்கா சொல்லிக் குடுத்த?"

"பின்ன? புருசன் பேர எப்படிடா வாயால சொல்றது? மக பேரச் சேத்துச் சொல்லிக் குடுத்தேன்."

பெருமையாகவே சொன்னாள். டிவி நாடகத்தில் வரும் ஊரான் வீட்டுப் புருஷன்கள் பேரெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

"ஒன் பத்தினித்தனத்தக் கொண்டுபோய் ஒடப்புல போடு," என்று கத்தினேன். அதற்குள் மச்சான் தன் வாயிலேயே அறைந்துகொள்ள ஆரம்பித்துவிட்டார். அக்கா பதறிப்போய் அவர் கையைப் பிடித்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள்.

"சோலைச்சாமி."

அவர் அவள் உதட்டைப் பார்த்தார். "சோ... சோலைச்சாமி." மறுபடி, திக்காமல், "சோலைச்சாமி." அது அவர் புதிதாகக் கற்க வேண்டிய வார்த்தையா என்ன?

அவராகவே ஓடிப்போய்ப் போனை எடுத்தார். "சோலைச்சாமி பேசுறேன்!"

"வேற ஆளுக்குச் சொல்லியாச்சு," என்று மேனேஜர் வைத்துவிட்டார். அதற்குள் ஆள் பிடித்துவிட்டார் மகராசன், அவருடைய மச்சினனாக இருக்கும்.

மச்சான் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. அக்கா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் வந்தாள்.

"ஏலே, நான் பேரச் சொன்னேன்னு ஊருல யாருகிட்டயும் சொல்லிராத."