டோக்கன்கள் கலையாத ஒரு மதியம்

அடுகோடியில் டயர் கடைகளுக்கும் வெல்டிங் பட்டறைகளுக்கும் நடுவே இருக்கும் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் எனக்கு வேலை. எங்கள் நிறுவனத்தில் எந்தக் குழுவும் சர்வர்களைக் கையால் அமைப்பதில்லை. என்ன வேண்டும் என்பதை நிரலாக எழுதிவைத்தால், ஒரு கருவி அதைப் படித்து, வாடகைக்குக் கணினி தரும் கிளவுடில் அமைத்துக் கொடுத்துவிடும். அதில் கேஷ் சர்வர்களுக்கான பொது நிரல் என் பொறுப்பு. அடிக்கடி தேவைப்படும் தகவலின் நகலைக் கைக்கெட்டும் தூரத்தில் தற்காலிகமாக வைத்திருக்கும் இடம்தான் கேஷ். அந்தப் பொது நிரலை நாங்கள் மாட்யூல் என்போம். எழுதியவர் வேலையை விட்டுப் போன பிறகு, கேட்பாரில்லாமல் கிடந்து என்னிடம் வந்து சேர்ந்தது அது.

எங்கள் கேஷின் பதிப்பு பழையதாகிவிட்டது, சீக்கிரம் மாற்றாவிட்டால் தாங்களே மாற்றிவிடுவோம் என்று கிளவுட் நிறுவனம் அறிவித்தது. நான் மாட்யூலைப் புதிய பதிப்புக்கு மாற்றினேன். கையோடு உள்ளே தாறுமாறாக இருந்த பெயர்களையும் ஒழுங்குபடுத்தினேன். எந்த மாற்றத்தையும் செய்வதற்கு முன் அந்தக் கருவி ஒரு அறிக்கை தரும்: எதைச் சேர்ப்பேன், எதை மாற்றுவேன், எதை அழிப்பேன் என்று. சோதனைக்கு ஓட்டிப் பார்த்தபோது சிவப்பில் ஒரு வரி வந்தது. பழைய கேஷை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்கப் போகிறதாம். நான் பெயரை மாற்றியதால், பழையது வேண்டாம் என்று சொல்கிறேன் என அது எடுத்துக்கொண்டது.

மேலாளரிடம் காட்டினேன். அவர் கவலைப்படவில்லை.

"கேஷ்தானே? போனா தானா ரொம்பிக்கும். அனுப்பிடுங்க."

பாடப் புத்தகப்படி அவர் சொன்னது சரிதான். ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஒவ்வொரு குழுவிடமும் போய், கேஷில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று நேரில் கேட்பதென்று முடிவு செய்தேன். பெரும்பாலும் எதிர்பார்த்த பதில்கள்தான் கிடைத்தன. கடைசியாக, கிளினிக்குகளுக்கு மென்பொருள் செய்யும் குழுவிடம் போனேன். அவர்கள் என் மாட்யூலைப் பயன்படுத்துவதே இல்லை. எப்போதோ ஒரு பிரதி எடுத்துத் தனியாக வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் குழுவின் தலைவருக்கு என் வயதுதான் இருக்கும். ஒக்கலிபுரத்தில் பிறந்து வளர்ந்தவர். தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடிப்பார். நான் வாயைத் திறப்பதற்குள்ளேயே சொல்லிவிட்டார்:

"உங்க மாட்யூல் எங்களுக்கு வேணாம், பேடா மேடம். முன்ன ஒரு வாட்டி அப்டேட் பண்ணி எங்க சிஸ்டம் படுத்துக்கிச்சு. ஒவ்வொரு கிளினிக்குக்கும் போன் போட்டு சாரி கேட்டது நான்தான். அப்போ யாரும் வரல."

அது நான் பொறுப்பேற்பதற்கு முன்னால் நடந்தது. ஆனால் அதைச் சொல்லி என்ன பயன்?

"மாட்யூல விடுங்க. கேஷ்ல என்ன வெச்சிருக்கீங்கன்னு மட்டும் சொல்லுங்க," என்றேன்.

"டோக்கன்," என்றார். "கிளினிக்ல காத்துக்கிட்டிருக்கிறவங்களோட டோக்கன்."

"வேற எங்கயும் சேவ் ஆகலையா?"

"இல்ல. அவசரத்துல அப்படியே கட்டிட்டோம். அதான் யாரையும் தொட விடுறதில்ல."

அவருடைய பிரதியும் அதே பழைய பதிப்புதான் என்பதையும், அவர் தொடாவிட்டால் கிளவுட் நிறுவனமே தொட்டுவிடும் என்பதையும் எடுத்துச் சொன்னேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, பக்கத்து நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

மாட்யூலின் புதிய பதிப்பை அனுப்பினால், பிரதி வைத்திருக்கும் குழுக்களும் அதையே ஓட்டியாக வேண்டும் என்பது எங்கள் விதி. மேலாளரிடம் திரும்பிப் போய், இதை இப்போது அனுப்ப மாட்டேன் என்றேன்.

"ஒரு டீமுக்காக எல்லாரையும் லேட் பண்ணணுமா?"

"ஆமா. அந்த டீமுக்குப் பின்னாடி காய்ச்சலோட உக்காந்திருக்கிறவங்க இருக்காங்க."

அப்படிப் பேசி எனக்குப் பழக்கமில்லை. அவருக்கும் கேட்டுப் பழக்கமில்லை. "சரி, பாருங்க," என்று மட்டும் சொன்னார்.

செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. 'பழைய பெயரில் இருந்ததும் புதிய பெயரில் இருப்பதும் ஒன்றே' என்று கருவிக்குச் சொல்லும் சில வரிகளும், என்ன ஆனாலும் கேஷை அழிக்காதே என்ற ஒரு தடையும் போதும். ஆனால் அவருடைய பிரதியில் பெயர்கள் வேறு மாதிரி இருந்தன. முதல் முயற்சியில் சிவப்பு வரி போகவில்லை. அடுத்ததிலும் போகவில்லை. போலி டோக்கன்களைப் போட்டு ஒரு சோதனைக் கேஷ் அமைத்துக்கொண்டு இருவரும் அருகருகே உட்கார்ந்து வேலை பார்த்தோம். சாப்பாட்டு வேளையில் தட்டு இட்லி வரவழைத்து, கையைக் கழுவிவிட்டு மறுபடி உட்காருவோம். ஒருநாள் அறிக்கை முழுக்க மஞ்சளாக வந்தது. மாற்றம் மட்டும்தான், அழிவு இல்லை. கடைசி வரியை அவர் சத்தமாக வாசித்தார்: "ஜீரோ டு டெஸ்ட்ராய்!" பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நிஜமான மாற்றத்துக்கு ஒரு மதியத்தைத் தேர்ந்தெடுத்தோம். எந்த நேரமானாலும் எங்காவது ஒரு கிளினிக்கில் யாராவது காத்திருப்பார்கள். ஏதாவது ஆனால் உதவிக்கு ஆட்கள் இருக்கும் வேளையே நல்லது. அவர் அலுவலகத்தில் இருந்து ஓட்டுவதாகவும், நான் விவேக் நகரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் அந்த மென்பொருளைப் பயன்படுத்தும் கிளினிக்கில் உட்கார்ந்து பார்ப்பதாகவும் ஏற்பாடு. ஏதாவது கலைந்தால் உடனே கையால் எண் எழுதித் தர, ரிசப்ஷனில் இருந்த பெண்ணிடம் முன்பே பேசி வைத்திருந்தேன்.

சுவரில் இருந்த திரையில் டோக்கன் எண்கள் ஒவ்வொன்றாக மாறின. பக்கத்தில் குழந்தையை மடியில் வைத்திருந்த பெண் கேட்டாள்: "உங்க டோக்கன் எத்தன க்கா?"

"எனக்கு டோக்கன் இல்லமா. வேற வேலையா வந்தேன்."

போன் அதிர்ந்தது. "போடறேன் மேடம்," என்றார் அவர்.

உள்ளே இருந்து ஒரு பெரியவர் வெளியே வந்தார். ரிசப்ஷன் பெண் பொத்தானை அழுத்தினாள். எண் மாறவில்லை. மறுபடி அழுத்தினாள். திரை அப்படியே நின்றது. சேவை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது சில நொடி நிற்கும் என்று எனக்குத் தெரியும். எத்தனையோ முறை சோதித்ததுதான். ஆனாலும் ரிசப்ஷன் மேசையைப் பார்த்து எழுந்துவிட்டேன்.

டிங் என்று மணி அடித்து அடுத்த எண் வந்தது. சரியான எண். குழந்தைக்காரப் பெண் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

"அங்க என்ன தெரியுது?" என்று போனில் அவர் கேட்டார்.

"வரிசை அப்படியே இருக்கு. ஒண்ணும் கலையல."

"ஆயித்து! முடிஞ்சுது!" என்று கத்தினார். பின்னால் கைதட்டல் கேட்டது. மேலாளரின் குரலும் அதில் இருந்தது.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றேன். பஸ்கள் வந்தன, போயின. உடனே ஏறத் தோன்றவில்லை. என்னுடைய வேலையை இவ்வளவு பக்கத்தில், மனிதர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் வைத்து நான் பார்த்ததே இல்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். பாதி புரியாவிட்டாலும், "நீ நிறுத்தி வெச்சது சரிதான்மா," என்றார்.

மற்ற குழுக்களும் அடுத்தடுத்துப் புதிய பதிப்புக்கு வந்தன. கிளினிக் குழுவின் தலைவர் தன் பிரதியை அழித்துவிட்டு எங்கள் மாட்யூலுக்கே மாறினார். டோக்கன்களை டேட்டாபேஸிலும் சேமிக்கத் தொடங்கிவிட்டார்கள். சில வாரங்கள் கழித்து மாட்யூலுக்கு ஒரு திருத்தம் வந்தது. இனி யார் பதிப்பை மாற்றினாலும், 'இந்தக் கேஷ் காலியானால் யாருக்குப் பாதிப்பு?' என்ற கேள்விக்குப் பதில் எழுதாமல் மேலே போக முடியாது. அனுப்பியிருந்தவர் அவர்தான். வரிவரியாகப் படித்தேன். ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் ஒப்புதல் கொடுத்தேன்.